அது ஃப்ரீ லைன்தான்

"சிஸ்டர், இது எந்த லைன்?"

"அது ஃப்ரீ லைன்தான், போடு."

பேசியது இவ்வளவுதான். கேட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பதில் சொன்னவள் பக்கத்துக் கட்டிலில் குனிந்து வேலையாக இருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என் மனைவியின் கால்மாட்டில் நின்றிருந்தேன். காலை எட்டு இருபது. கீழே மருந்துக்கடையில் வாங்கிய பையைக் கொடுத்துவிட்டுப் போக என்னை உள்ளே விட்டிருந்தார்கள். அவள் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "ஏனுங்க, பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். ஐசியூவுக்குள் போன நாலு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வீட்டுப் பேச்சு அது. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த ஓடிக்கொண்டிருந்த மருந்தை அன்று விடிகாலையில்தான் நிறுத்தியிருந்தார்கள். "சப்போர்ட் எடுத்தாச்சு சார், நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்" என்று இரவு டூட்டி டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வார்டுக்கு எடுத்துப்போக வேண்டிய போர்வை, ஃபிளாஸ்க் எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண், கழுத்தோரம் தொங்கிய நீளக் குழாய் ஒன்றின் மூடியைக் கழற்றி, சிரிஞ்சைப் பொருத்தி, பத்து மில்லியையும் அழுத்தி உள்ளே விட்டாள். வயிற்றில் புண் வராமலிருக்க எல்லோருக்கும் போடுகிற மருந்துதான். விஷமெல்லாம் இல்லை.

முதலில் என் மனைவியின் கை தலைக்குப் போனது. "தலைங்க… தலை…" என்றாள். மணிக்கட்டு ரத்தக்குழாயில் போட்டிருந்த லைனிலிருந்து மானிட்டரில் சிவப்பாக ஓர் எண் ஓடும். 120-ல் இருந்தது 170 ஆனது. ஏதோ கனெக்‌ஷன் ஆடியிருக்கும் என்று நினைத்தேன், தொழில் புத்தி. 210. 246. அலாரம் கத்தியது. யாரோ என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கதவு மூடுவதற்குள் அவள் வாந்தி எடுப்பதைப் பார்த்தேன். அடுத்த முறை பார்த்தபோது வாயில் குழாய், கண் பாதி திறந்தபடி. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் இரவு எல்லாம் முடிந்தது. அவளுக்கு 46 வயது. பாப்பா அன்று சாப்பிட்டாளா இல்லையா என்பதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார்களுக்கான கன்ட்ரோல் பேனல் செய்கிற பட்டறையில் இருபத்தெட்டு வருடமாக வயரிங் பார்க்கிறேன். ஒரு பேனலுக்குள் இருநூறு, முந்நூறு ஒயர்கள் ஓடும். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் எண் போட்ட சின்ன வளையம் மாட்டுவோம், ஃபெரூல் என்போம். ஒரு ரூபாய்கூடப் பெறாத பிளாஸ்டிக் வளையம். அது ஒரு முனையில் இல்லை என்றாலும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் பேனலைத் திருப்பிவிடுவார். "இது எந்த ஒயர்னு எனக்குத் தெரியும் சார்" என்று சொன்னால் சிரிப்பார். "உனக்குத் தெரியும், நாளைக்கு இதைத் திறக்கிறவனுக்கு?" என்பார். தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு இந்த மரியாதை.

என் மனைவியின் உடம்பில் மருந்துக்கென்று ஆறு குழாய்கள் ஓடின. சர்க்கரை உள்ளவள், சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்தில் கலந்து, அழுத்தம் விழுந்துபோய்க் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். கழுத்தில் சென்ட்ரல் லைன். வெளியே மூன்று வால்கள் மாதிரி அதற்கு மூன்று வாய். மூன்று வாயில் ஐந்து மருந்து எப்படிப் போகும்? ஒவ்வொரு வாயிலும் த்ரீவே என்கிற மூன்று வழித் திருகு, அந்த த்ரீவேயின் தலையில் இன்னொரு த்ரீவே, அதிலிருந்து ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் லைன், அதன் முனையில் சிரிஞ்சு பம்ப். ஒன்றில் நார்அட்ரினலின், ஒன்றில் இன்சுலின், ஒன்றில் பொட்டாசியம். ஸ்டாண்டில் சலைன், ஆன்டிபயாடிக். கையில் வேறு ஒரு வென்ஃப்ளான். எல்லாம் கட்டில் கம்பி வழியாக, தலையணைக்கு அடியில், போர்வைக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. எல்லாமே கண்ணாடிபோல நிறமில்லாத குழாய்கள். உள்ளே ஓடுகிற மருந்தும் எல்லாமே தண்ணீர் மாதிரிதான். இன்சுலினையும் பொட்டாசியத்தையும் சலைனையும் பக்கத்தில் வைத்தால், உலகத்தில் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்களுக்காவது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஃபேஸுக்கு ஒரு நிறம் உண்டு.

இரண்டாம் நாளே கேட்டேன். சும்மா நிற்க முடியாமல், கண்ணால் ஒவ்வொரு குழாயையும் பம்பிலிருந்து கழுத்துவரை பின்தொடர்ந்து பார்த்தேன். மூன்றாவது குழாயில் தலையணைக்கு அடியில் தடம் தவறிவிட்டது. "சிஸ்டர், எந்த டியூப்ல எந்த மருந்துன்னு எழுதி ஒட்ட மாட்டீங்களா?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். "எங்களுக்குத் தெரியும் சார். நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க."

என் சட்டைப் பையில் அன்று ஃபெரூல் பட்டை ஒன்று கிடந்தது. பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தேன். நானே மாட்டிவிட்டிருக்கலாம். மாட்டவில்லை. அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டால், நான் இல்லாத நேரத்தில் அவளைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயந்தேன். ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். உள்ளே இருக்கிற ஆளை அடகு வைத்துவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பட்டை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தூக்கி எறிய முடியவில்லை.

அன்று காலையில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. பாப்பா இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அம்மாவின் காரியம் முடிந்த பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்துப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் பேனலில் வைத்துப் புரிந்துகொண்டேன்.

விடிகாலையில் நார்அட்ரினலினை நிறுத்தியவர்கள் பம்பை நிறுத்தினார்கள். சிரிஞ்சைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். சிரிஞ்சின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டரில் பேனாவால் 'நார்அட்' என்று எழுதியிருந்தது. பம்பில் ஓடிய குழாய்களுக்கு இருந்த அடையாளம் அந்த மாதிரிப் பிளாஸ்டர்தான், அதுவும் சிரிஞ்சின் மேல். ஆக, சிரிஞ்சு போனபோது பெயரும் கூடவே குப்பைக்குப் போய்விட்டது. குழாயைக் கழற்றவில்லை. நுனியில் ஒரு மூடியைப் போட்டுத் தொங்கவிட்டார்கள், பிறகு தேவைப்பட்டால் ஆகும் என்று. ஒன்றரை மீட்டர் குழாய்க்குள் ஏறக்குறைய ஒன்றரை மில்லி மருந்து அப்படியே நின்றது. பம்ப் அதை மணிக்கு 2 மில்லி வீதம் தள்ளிக்கொண்டிருந்தது. கணக்குப் போடுங்கள். ஒன்றரை மில்லி என்பது 45 நிமிடத்து மருந்து. துளித்துளியாக முக்கால் மணி நேரம் போக வேண்டியதை, அதுவும் இனி வேண்டாம் என்று நிறுத்தப்பட்டதை, பின்னாலிருந்து பத்து மில்லியால் தள்ளினால் சில நொடிகளில் இதயத்துக்குப் பக்கத்தில் போய் விழும். நார்அட்ரினலின் ரத்தக்குழாய்களை இறுக்குகிற மருந்து. அதனால்தான் அழுத்தம் ஏறுகிறது. நாலு நாள் அவளைக் காப்பாற்றியதும் அதுதான், கொன்றதும் அதுதான்.

ஃப்ரீ லைன் என்றாளே, எங்கள் தொழிலில் அப்படிச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும். தொடுவதற்கு முன்னால் குறைந்தது மூன்று நிமிடம் விட வேண்டும், டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அணைத்த ஒயர் வேறு, செத்த ஒயர் வேறு. எட்டாவது படித்துவிட்டு வருகிற ஹெல்பர் பையனுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அவன் கையில் தழும்பு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குழாயிலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய அதேதான் என்கிறாள் பாப்பா. மருந்தை நிறுத்தினால் குழாயையும் த்ரீவேயோடு கழற்றி எறிய வேண்டும். சென்ட்ரல் லைனின் அந்த வாயில் தங்கியிருப்பதை வெளியே உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகுதான் சலைன் விட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இது யாருக்கும் தெரியாத புது ரகசியமாக இருந்திருந்தால், தலையெழுத்து என்று போயிருப்பேன். அப்படி இல்லையே! உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்கு என்று ஒன்பது தீர்வுகளை வெளியிட்டது. குழாய்களைத் தவறாக இணைப்பதைத் தடுப்பது அந்த ஒன்பதில் ஒன்று. அதற்கும் முந்தின வருடமே, அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தருகிற ஜாயின்ட் கமிஷன், குழாய் மாறுவதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டிருக்கிறது. எதையும் இணைக்கும் முன் உடம்பிலிருந்து தொடங்கிக் குழாய் புறப்படும் இடம்வரை பின்தொடர்ந்து பார், நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றி ஒப்படைக்கும்போது மறுபடியும் பார் என்று சொல்லியிருக்கிறது. 2006. பாப்பா பால்வாடிக்குக்கூடப் போகாத காலம். இது இருபது வருடத்துப் பழைய பாடம்.

கனடாவில் டொராண்டோவில் ஒரு குழு, ஒரே ஆளுக்குப் பல டிரிப்ஸ் ஓடும்போது என்னென்ன தப்பு நடக்கும் என்பதை மட்டுமே வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் சொன்னதில் ஒன்று: பல மருந்துகளை ஆரம்பிக்கும்போது, ஒன்றைப் பையிலிருந்து உடம்புவரை முழுசாக இணைத்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சர்க்யூட்டை முடித்துவிட்டு அடுத்த சர்க்யூட் என்பது என் குருநாதர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவசர மருந்து போடுகிற லைனுக்கு நோயாளியின் உடம்புக்குப் பக்கத்து முனையில் பெயர் ஒட்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்குப் போடுகிற கவுனைப் பற்றிக்கூட யோசித்திருக்கிறார்கள்: தோளிலும் கையிலும் பட்டனோ நாடாவோ வைத்துத் தையுங்கள், சிக்கிய குழாய்களைக் கழற்றாமலே பிரித்துப் பார்க்கலாம் என்று. என் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தவள். தோளில் நாடா வைத்த கவுனை அவளே ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்திருப்பாள்.

இங்கிலாந்தில் 16 ஆஸ்பத்திரிகளில் 2,008 டிரிப்ஸ்களைக் கட்டில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பதினொன்றரையில் ஏதோ ஒரு தவறு. அதில் பெரும்பாலானவை ஆளுக்குத் தீங்கு செய்யாதவை என்றும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். லேபிள் இல்லாதது போன்ற நடைமுறைக் குறைகளையும் சேர்த்தால் பாதிக்கு மேல். இதை 2018-ல் அச்சிலே போட்டிருக்கிறார்கள். 'எங்கள் வீட்டில் இது நடந்தது' என்று அவர்களே வெளியில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் யாராவது எண்ணினார்களா? எந்த ஆஸ்பத்திரியாவது வாசலில் "சென்ற மாதம் எங்கள் ஐசியூவில் இத்தனை குழாய் மாறியது" என்று எழுதி வைத்திருக்கிறதா? வாசலில் நான் பார்த்தது தங்க நிற எழுத்தில் தரச்சான்றிதழ், அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார்.

குழாய் மாறுவது ஒன்றுதான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஒரே வாயில் இரண்டு மருந்து சேர்ந்து போகும்போது உள்ளே என்ன சமையல் நடக்கிறது என்பது தனிக்கதை. செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாடிக் கால்சியத்தோடு சேர்ந்தால் படிகமாக உறைந்துவிடும். பச்சிளங்குழந்தைகள் இறந்த பிறகு 2007-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தண்ணீர்போல ஓடுகிறதே ஆர்எல் என்கிற ரிங்கர் லாக்டேட், அதில் கால்சியம் இருக்கிறது. வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் குளுகோஸோடு சேர்ந்தால் திரிந்துவிடும். எந்த மருந்து எதோடு சேராது என்கிற அட்டவணை ஒன்று ஐசியூ சுவரில் தொங்க வேண்டும். நாலு நாளும் அந்தச் சுவரைப் பார்த்தேன். பக்கத்து டயக்னாஸ்டிக் சென்டரின் காலண்டர் தொங்கியது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று காலையில் அவள் கையில் மூன்று கட்டில்கள் இருந்தன. ஐசியூவில் ஓர் ஆளுக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. முந்தின நாள் பகலிலும் அவளை அங்கே பார்த்தேன், ராத்திரி பத்து மணிக்கும் பார்த்தேன். ஆள் வரவில்லை என்று டபுள் டூட்டி போட்டிருப்பார்கள். எட்டு மணிக்கு டூட்டி மாறும்போது ஒப்படைப்பு நடந்த அழகையும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. கவுண்டரில் நின்றபடியே "அஞ்சாம் நம்பர் ஸ்டேபிள், சப்போர்ட் ஆஃப்" என்று ஒரு வரி. குழாய் இன்னும் தொங்குகிறது என்பது அந்த ஒரு வரியில் இல்லை. நர்ஸ்களின் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. அந்தப் பெண் என்ன வாங்கினாள் என்று எனக்குச் சொன்னது அதே ஆஸ்பத்திரி அட்டெண்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அவள் கேட்டாளே! "இது எந்த லைன்?" என்று கேட்டாள். அந்தக் கட்டிடம் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். எனக்குக் கிடைத்தது "எங்களுக்குத் தெரியும்", அவளுக்குக் கிடைத்தது "ஃப்ரீ லைன்தான்".

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கேஸ் ஷீட் நகல் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்து மருத்துவக் கவுன்சிலின் விதி. எனக்கு 19 நாள் ஆயிற்று. எட்டு மணிக்கு ரத்த அழுத்தம் 124/80. ஒன்பது மணிக்கு 180/100. இடையில் நான் என் கண்ணால் பார்த்த 246 எங்கே? எழுதவில்லை. எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருக்கிறது. மானிட்டருக்குள் பதிவு இருக்குமே என்றேன். பேனலில் டேட்டா லாகர் வைத்துப் பழகியவன் நான், மெஷின் பொய் சொல்லாது என்று தெரியும். "பேஷன்ட்டை டிஸ்சார்ஜ் போட்டா மெமரி கிளியர் ஆயிடும் சார்" என்றார்கள். டிஸ்சார்ஜ்! செத்தவளுக்கு மெஷினில் அதுதான் பெயர். பம்பை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்பது பம்பின் பதிவில் இருக்கும், அதைக் காட்டுங்கள் என்றேன். பம்ப் வேறு நோயாளிக்குப் போய்விட்டதாம். குழாய்? சிவப்புப் பையில் கட்டி அன்று சாயங்காலமே அழிக்க அனுப்பியாயிற்று. அவளையும் நாங்கள் எரித்துவிட்டோம். போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

வக்கீல் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். 1995-லேயே உச்ச நீதிமன்றம் வைத்தியத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது, வழக்குப் போடலாம். கிரிமினலாகப் போவதென்றால், 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்புப்படி இன்னொரு டாக்டர் வந்து இது பெரும் அலட்சியம் என்று சொல்ல வேண்டும். "சொல்ல வர்ற டாக்டரைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். மூன்று டாக்டர்களிடம் போனேன். மூன்று பேரும் கதையைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஒருவர் "த்ச்" என்றுகூடச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றதும் டீ வந்தது.

நிர்வாகத்தைப் பார்க்க நாலாவது தடவைதான் விட்டார்கள். ஏசி அறை, காபி, கோட்டுப் போட்ட ஒருவர், பெரிய டாக்டர் ஒருவர். "ஷீ வாஸ் வெரி சிக், சார். செப்சிஸ்ல எது வேணாலும் நடக்கலாம்" என்றார் பெரிய டாக்டர். சரி, நடக்கலாம். ஆனால் எட்டு இருபதுக்கு நடந்ததே, அந்த மருந்தை அழுத்திய அந்த நிமிஷத்தில் நடந்ததே, அதைச் சொல்லுங்கள் என்றேன். குழாயில் தங்கிய மருந்து, ஒன்றரை மில்லி, 45 நிமிடம் என்று கணக்கைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க மெடிக்கல் ஃபீல்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பேனல் வயரிங்."

கோட்டுப் போட்டவர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரம் லேசாக ஓடி மறைந்தது. அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அய்யா, நீங்கள் சிரித்தீர்களே, உங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூமில் நிற்கிற பேனலைப் போய்த் திறந்து பாருங்கள். அதில் ஓடுகிற ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் பெயர் இருக்கும். என்னைப் போன்ற ஒருவன்தான் மாட்டியிருப்பான். கரன்ட் போனபோதெல்லாம் உங்கள் ஐசியூ பம்புகள் நிற்காமல் ஓடியது அதனால்தான். பெயரில்லாமல் இருந்தது அவள் கழுத்தில் தொங்கியது மட்டும்தான்.

எழுந்து வரும்போது, பெரிய டாக்டர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "அந்த ஸ்டாஃபை டெர்மினேட் பண்ணிட்டோம் சார்" என்றார். செப்சிஸில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சொன்ன அதே வாய். தவறு நடக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணை எதற்கு அனுப்பினீர்கள்? நடந்தது என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவளை அனுப்பிவிட்டால் தொங்குகிற குழாய்க்குப் பெயர் வந்துவிடுமா? இன்று காலை உங்கள் அஞ்சாம் நம்பர் கட்டிலில் யாரோ ஒருத்தியின் உடம்பில் ஆறு குழாய் பின்னிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வயது வேறொரு பெண் அதில் ஒன்றைக் கையில் எடுத்து யோசிப்பாள். இந்தமுறை கேட்கவும் மாட்டாள். கேட்டவளுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும் அல்லவா.

எங்கள் வீட்டுச் சமையலறையில் டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டியிருக்கிறது. பட்டறையில் லேபிள் அச்சடிக்கிற மெஷினைப் போன தீபாவளிக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள் என் மனைவி. சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு. "எனக்குத் தெரியும், ஆனா நான் ஊருக்குப் போனா நீங்க ரசத்துல சோம்பைப் போட்டுருவீங்க" என்றாள். இப்போது நான்தான் சமைக்கிறேன். தினமும் அந்த எழுத்துகளைப் படித்துத்தான் எடுக்கிறேன்.

பில்லை இங்கே பிரித்து வைத்திருக்கிறேன். பதினேழு பக்கம். அதில் எந்தக் குழப்பமும் இல்லை, எதற்கும் பெயர் இல்லாமல் இல்லை. கையுறை இத்தனை ஜோடி, பஞ்சு இத்தனை, த்ரீவே இத்தனை, சிரிஞ்சு 50 மில்லி இத்தனை, தேதியும் நேரமும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. எக்ஸ்டென்ஷன் லைன் 150 செ.மீ. என்று பதினொன்று. அந்த ஒன்றும் இந்தப் பதினொன்றுக்குள்தான் இருக்கிறது. பதினொன்றுக்கும் பணம் கட்டி, கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளை என்னிடம் கொடுத்தார்கள்.